வாசிப்பு நேரம் 0.7 மில்லிவினாடியா, 7 மில்லிவினாடியா? தரவுத்தளக் கண்காணிப்பில் அலகுப் பிழைகள்

பிப்ரவரி 3, மாலை (வாசகர் கேள்வி)

எங்கள் ஆரக்கிள் தரவுத்தளத்துக்காக வாங்கிய கண்காணிப்புக் கருவி, ஒற்றைத் தொகுதி வாசிப்பின் (வட்டிலிருந்து ஒரு தொகுதித் தரவை மட்டும் படிப்பதன்) சராசரி நேரம் 0.7 மில்லிவினாடி என்று காட்டுகிறது. சேமிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் குழுவோ தங்கள் பக்கத்திலேயே 7 மில்லிவினாடி ஆகிறது என்கிறது. கருவி, தரவுத்தளம் தரும் எண்களைத்தான் எடுத்துக் காட்டுகிறது. ஆகவே அதில் தவறு இருக்க முடியாது என்பது என் எண்ணம். சேமிப்பகக் குழுவின் அளவீடுதான் பிழை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

பிப்ரவரி 3, இரவு

எழுதிக் கொடுக்க வேண்டாம். தரவுத்தளம் உணரும் வாசிப்பு நேரம் என்பது, சேமிப்பகம் எடுத்துக்கொண்ட நேரத்தோடு இயங்குதளத்தில் ஆன நேரமும், வழியில் ஆன நேரமும், வரிசையில் நின்ற நேரமும் சேர்ந்த மொத்தம். சேமிப்பகத்துக்குள் மட்டும் 7 மில்லிவினாடி செலவாகியிருக்கும்போது, வெளியே நின்று காத்திருந்தவருக்கு 0.7 மட்டுமே ஆனது என்பது பொருந்தாது. இரண்டுக்கும் இடையிலான விகிதம் சரியாகப் பத்தாக இருப்பதும் என்னைச் சந்தேகப்பட வைக்கிறது.

ஆரக்கிளில் பத்து மடங்கு வேறுபாட்டைக் கண்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சென்டிவினாடி, அதாவது நூறில் ஒரு வினாடி. வி$சிஸ்டம்_ஈவென்ட் வியூவில் (வியூ என்பது தரவுத்தளம் தன் அளவீடுகளை அட்டவணைபோலக் காட்டும் இடம்) ‘டைம்_வெயிட்டட்’ என்ற நெடுவரிசை சென்டிவினாடியில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ‘டைம்_வெயிட்டட்_மைக்ரோ’ மைக்ரோவினாடியில், அதாவது பத்து லட்சத்தில் ஒரு வினாடி என்ற அலகில் இருக்கிறது. முதலாவதை மில்லிவினாடி என்று எண்ணிக்கொண்டு காத்திருப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால், விடை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பெயரில் ‘மைக்ரோ’ இல்லாத நேரமெல்லாம் ஆரக்கிளில் சென்டிவினாடி என்றே வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 4, காலை

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தங்கள் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலாவது, கடைசி வாக்கியம் தவறு. அதை நம்பி யாரும் நிரல் எழுதிவிட வேண்டாம். வி$எஸ்கியூஎல் வியூவில் உள்ள ‘எலாப்ஸ்ட்_டைம்’, ‘சிபியூ_டைம்’ இரண்டின் பெயரிலும் மைக்ரோ என்ற சொல் கிடையாது. ஆனால் இரண்டுமே மைக்ரோவினாடிதான். இதைவிடக் கொடியது ‘டிபி டைம்’, அதாவது பயனர்களின் வேலைகளுக்குத் தரவுத்தளம் செலவிட்ட மொத்த நேரம். அதே பெயரில் வி$சிஸ்ஸ்டாட் வியூவில் சென்டிவினாடியாகவும், வி$சிஸ்_டைம்_மாடல் வியூவில் மைக்ரோவினாடியாகவும் அது உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே 10,000 மடங்கு. பெயரை வைத்து அலகை ஊகிக்க எந்த விதியும் இல்லை. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கையேட்டைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இரண்டாவது, தரவுத்தளத்தில் தெரியும் நேரம் சேமிப்பகத்தில் தெரியும் நேரத்தைவிடக் குறைவாக இருக்கவே முடியாது என்ற என் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. தரவுக் கோப்புகள் சாதாரணக் கோப்பு முறைமையில் இருந்து, இயங்குதளத்தின் நினைவகத் தேக்ககம் குறுக்கே நின்றால், பத்தில் ஒன்பது வாசிப்புகள் வட்டுவரை போகாமலே முடிந்துவிடக்கூடும். அப்போது தரவுத்தளம் காணும் சராசரி 0.7 மில்லிவினாடியாகவும், சேமிப்பகம் காணும் சராசரி 7 மில்லிவினாடியாகவும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இதைக் கேட்காமலே கருவிமீது பழி போட்டது என் அவசரம். கேட்டவர் சொல்ல வேண்டும்: கோப்புகள் ஏஎஸ்எம்மில் (ஆரக்கிளே வட்டுகளை நேரடியாக நிர்வகிக்கும் முறை) இருக்கின்றனவா, கோப்பு முறைமையில் இருக்கின்றனவா? பத்து நிமிட இடைவெளியில் வி$சிஸ்டம்_ஈவென்ட் வியூவை இரண்டு முறை படித்து, வேறுபாடுகளையும் அனுப்புங்கள்.

பிப்ரவரி 4, மாலை

கோப்புகள் ஏஎஸ்எம்மில் இருக்கின்றன என்று பதில் வந்திருக்கிறது. அங்கே இயங்குதளத் தேக்ககம் குறுக்கே வராது. ஆகவே காலையில் சொன்ன ஓட்டை இவர் விஷயத்தில் அடைபட்டுவிட்டது. அவர் அனுப்பிய எண்களைக் கணக்குப் பார்க்க வசதியாகச் சற்று முழுமையாக்கித் தருகிறேன். பத்து நிமிடத்தில் காத்திருப்புகள் 6,00,000, டைம்_வெயிட்டட் 4,20,000, டைம்_வெயிட்டட்_மைக்ரோ 420 கோடி.

420 கோடி மைக்ரோவினாடி என்பது 4,200 வினாடி. அதை 6,00,000 வாசிப்புகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 7 மில்லிவினாடி. 4,20,000 சென்டிவினாடியும் அதே 4,200 வினாடிதான். கருவியோ 4,20,000 என்பதை மில்லிவினாடியாக எடுத்து, 6,00,000 ஆல் வகுத்து, 0.7 என்று போட்டிருக்கிறது. ஐயத்துக்கே இடமில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 0.7 மில்லிவினாடி என்பது ஃபிளாஷ் சேமிப்பகத்தில் மிக இயல்பாகக் காணக்கூடிய எண். 7 மில்லிவினாடி என்பது சுழலும் வட்டில் மிக இயல்பாகக் காணக்கூடிய எண். இரண்டும் நம்பத்தக்கவை. கருவி 0.0007 என்றோ 7,000 என்றோ காட்டியிருந்தால் முதல் நாளே யாராவது கேட்டிருப்பார்கள். ஆயிரம் மடங்கு, பத்து லட்சம் மடங்குப் பிழைகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருப்பவை, தவறான எண்ணும் நியாயமாகத் தோன்றும் பிழைகள்தான்.

பிப்ரவரி 5

கையேடு கையில் இல்லாதபோதும் அலகுப் பிழையைப் பிடிக்க ஒரு வழி உண்டு. வரிசைகளைப் பற்றி 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய தேற்றம்: ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை, வருகை வீதத்தையும் ஒருவர் உள்ளே இருக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் வருவது. மேலே உள்ள எண்களில் வினாடிக்கு 1,000 வாசிப்புகள் நடக்கின்றன. ஒவ்வொன்றும் 7 மில்லிவினாடி என்றால் எந்தக் கணத்திலும் சராசரியாக 7 அமர்வுகள் (தரவுத்தளத்தோடு இணைந்திருக்கும் இணைப்புகள்) அந்தக் காத்திருப்பில் இருக்க வேண்டும். 0.7 மில்லிவினாடி என்றால் ஒன்றுகூட முழுதாக இருக்காது.

ஆகவே செய்ய வேண்டியது, வி$செஷன் வியூவைச் சில வினாடிக்கு ஒருமுறை என ஐம்பது அறுபது தடவை படித்து, அந்த நிகழ்வில் எத்தனை அமர்வுகள் நிற்கின்றன என்று எண்ணுவதுதான். எண்ணிக்கைக்கு அலகு கிடையாது. ஏழு பேர் நின்றால் ஏழு பேர்தான். நேரத்தைத் தொடாமலே நேரத்தின் அலகைச் சரிபார்க்க முடிவதால்தான் இந்த வழியை நான் மிகவும் மதிக்கிறேன். கேட்டவர் முயன்று பார்த்து, 5 முதல் 9 வரை மாறி மாறி வருகிறது என்று எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 6

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு அதுதான் காரணம்.

பல ஆண்டுகளுக்கு முன்பு மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் ஓர் எச்சரிக்கை நிரல் எழுதினேன். ஓடிக்கொண்டிருக்கும் வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி), தன் கடந்தகாலச் சராசரியைவிட மூன்று மடங்கு அதிக நேரம் எடுத்தால் செய்தி அனுப்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். ஓடும் வினவலின் நேரத்தை டிஎம்_எக்ஸெக்_ரிக்வெஸ்ட்ஸ் என்ற வியூவிலிருந்து எடுத்தேன். பழைய சராசரியை டிஎம்_எக்ஸெக்_குவெரி_ஸ்டாட்ஸ் என்ற வியூவிலிருந்து கணக்கிட்டேன். இரண்டிலும் நெடுவரிசையின் பெயர் ‘டோட்டல்_எலாப்ஸ்ட்_டைம்’ என்பதேதான். முன்னதில் அது மில்லிவினாடி, பின்னதில் மைக்ரோவினாடி என்பதை நான் பார்க்கவில்லை.

விளைவை எண்ணிப் பாருங்கள். வழக்கமாக 0.24 வினாடியில் முடியும் வினவலுக்குச் சராசரி 2,40,000 என்று பதிவாகியிருக்கும். அதே வினவல் ஒருநாள் 45 வினாடியாகத் திணறிக்கொண்டிருந்தால், ஓடும் நேரம் 45,000 என்று வரும். 45,000 என்பது 2,40,000ஐவிடச் சிறியது. ஆகவே நிரல் வாய் திறக்காது. மூன்று மடங்கு என்ற வரம்பைத் தாண்ட அந்த வினவல் பன்னிரண்டு நிமிடங்கள் ஓட வேண்டும். அதற்குள் பயன்பாட்டின் காலக்கெடு முடிந்து இணைப்பே அறுந்துபோயிருக்கும்.

மூன்று மாதங்கள் ஒரு செய்தியும் வரவில்லை. அந்த மௌனத்தை நாங்கள் ஆரோக்கியம் என்று படித்தோம். பயனர்கள் புகார் சொன்னபோதெல்லாம், எச்சரிக்கை எதுவும் இல்லையே என்று நானே பதில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொன்னது உண்மை. என் நிரல் சொன்னதுதான் பொய். மிகைப்படுத்திக் காட்டும் பிழையை எரிச்சலில் யாராவது தோண்டிக் கண்டுபிடிப்பார்கள். குறைத்துக் காட்டும் பிழையைத் தேடிப் போக யாருக்கும் காரணம் இருக்காது.

பிப்ரவரி 6, சற்றுக் கழித்து

எஸ்கியூஎல் சர்வர் பற்றி இன்னொன்று. வினவல்களின் தடத்தைப் பதிவுசெய்யும் புரொஃபைலர் கருவியின் திரையில் ‘டியூரேஷன்’ (கழிந்த நேரம்) இயல்பாக மில்லிவினாடியில் தெரியும். அதே தடத்தைக் கோப்பாகவோ அட்டவணையாகவோ சேமித்தால் 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மைக்ரோவினாடியில் எழுதப்படுகிறது. பக்கத்திலிருக்கும் ‘சிபியூ’ நெடுவரிசையோ மில்லிவினாடி. ஒரே வரியில் இரண்டு அலகுகள் இருப்பதால், மொத்த நேரத்தில் சிபியூ நேரம் எவ்வளவு என்று விகிதம் போடுபவர்கள், எல்லா வினவலும் ஏறக்குறைய முழுநேரமும் காத்திருப்பிலேயே கழிகிறது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

பிப்ரவரி 8

இன்னொரு வாசகர் கேட்கிறார்: தங்கள் அமைப்பிலும் கருவிக்கும் தரவுத்தள அறிக்கைக்கும் வேறுபாடு இருக்கிறது, ஆனால் விகிதம் 10 அல்ல, 12க்கு அருகில் வருகிறது, இதுவும் அலகுப் பிழையா?

ஒரே ஓர் எண்ணை வைத்து எதுவும் சொல்ல இயலாது. ஒருநாள் முழுவதும் இரண்டு மூலங்களின் விகிதத்தையும் வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். அலகுப் பிழை என்றால் அந்தக் கோடு பகலானாலும் இரவானாலும், சுமை ஏறினாலும் இறங்கினாலும் நேராகவே போகும். கோடு மேலும் கீழும் அலைந்தால், இரண்டு கருவிகளும் இரண்டு வேறு பொருள்களை அளக்கின்றன. ஒன்று வரிசையில் நின்ற நேரத்தைச் சேர்க்கிறது, மற்றது சேர்க்கவில்லை என்பது போன்ற காரணமாக இருக்கும். அதை வகுத்துப் பெருக்கிச் சரிசெய்ய முயல்வது உண்மையான சிக்கலை மூடி மறைப்பதாகும்.

கோடு நேராக இருந்தால் அந்த எண்ணே பேசும். 8 என்றால் பிட்டும் பைட்டும் குழம்பியிருக்கலாம், அல்லது 4,096 பைட் பகுதிகள் கொண்ட வட்டையும் 512 பைட் அலகையும் யாரோ குழப்பியிருக்கலாம். லினக்ஸின் டிஸ்க்ஸ்டாட்ஸ் கோப்பில் வட்டின் உண்மையான அளவு எதுவானாலும் செக்டர் (வட்டின் சிறு பகுதி) எண்ணிக்கை 512 பைட் கணக்கிலேயே எழுதப்படுகிறது. 60 என்றால் வினாடிக்கும் நிமிடத்துக்கும் இடையில் பாருங்கள். 100 என்றால் சதவீதமா பின்னமா என்று பாருங்கள். கிராஃபனா என்ற வரைபடக் கருவியில் 0 முதல் 100 வரையிலான சதவீதம், 0 முதல் 1 வரையிலான சதவீதம் என இரண்டு தெரிவுகள் பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால் கை தவறுவது எளிது. 12 நிலையாக வருகிறது என்றால் நான் முதலில் அந்தச் சர்வரில் எத்தனை சிபியூ உள்ளகங்கள் என்று கேட்பேன். ஓர் உள்ளகத்தை 100 சதவீதமாகக் கொள்ளும் கருவியும், எல்லாம் சேர்ந்து 100 சதவீதம் என்று கொள்ளும் கருவியும் உள்ளகங்களின் எண்ணிக்கை அளவுக்கு வேறுபடும்.

பிப்ரவரி 8, இரவு

12 உள்ளகங்கள்தானாம். ஒப்பிட்டதும் சிபியூ வரைபடத்தைத்தானாம். ஆக அது முடிந்தது.

பிப்ரவரி 10

நேரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அளவு பற்றியும் பேச வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘ஷேர்ட்_பஃபர்ஸ்’ (தரவைத் தேக்கிவைக்கும் நினைவகத்தின் அளவு) அமைப்பை பிஜி_செட்டிங்ஸ் வியூவில் பார்த்தால் 16384 என்று தெரியும். பக்கத்தில் அலகு என்ற நெடுவரிசையில் 8 கேபி என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 128 எம்பி; பெரும்பாலும் யாரும் தொடாமல் விட்ட இயல்பிருப்பு மதிப்பு அது.

இப்போது அலகு நெடுவரிசையைப் படிக்காத கருவி ஒன்று, 16384 என்பதை மெகாபைட் என்று எண்ணிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 16 ஜிபி என்று தெரியும். சர்வரில் 64 ஜிபி நினைவகம் இருந்தால், மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கைக் கொடு என்று எல்லோரும் சொல்லும் அறிவுரைக்கு அது துல்லியமாகப் பொருந்திவிடும். பார்ப்பவர், யாரோ விவரம் தெரிந்தவர் ஏற்கெனவே அமைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று மனநிறைவோடு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அங்கே இருப்பதோ 128 எம்பி. இதற்கு நிகரான பொறியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எட்டால் பெருக்கிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். தொகுதியின் அளவை போஸ்ட்கிரெஸ்ஸைத் தொகுக்கும்போது மாற்றலாம். அதோடு அதே வியூவில் ‘வொர்க்_மெம்’ கேபியிலும், காலக்கெடுகள் மில்லிவினாடியிலும், வேறு சில வினாடியிலும் இருக்கின்றன. அலகை ஒவ்வொரு வரியிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் விடுவதற்கு மன்னிப்பு இல்லை. ஆரக்கிளின் வி$சிஸ்மெட்ரிக் வியூவிலும் இந்த நல்ல பழக்கம் உண்டு. ஒவ்வோர் அளவீட்டின் பக்கத்திலும் அதன் அலகு சொற்களில் இருக்கிறது.

பிப்ரவரி 11

ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா என்பது சில்லறைச் சண்டை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கிலோவில் அது 2.4 சதவீதம்தான், மெகாவில் 4.9, கிகாவில் 7.4, டெராவில் கிட்டத்தட்ட 10 சதவீதம். படி ஏற ஏறப் பிழையும் ஏறுகிறது.

2 டெராபைட் என்று விற்கப்படும் வட்டு 2,000 ஜிபி, ஆயிரத்தின் அடுக்கில். அதில் தரவுத்தளம் 1,800 ஜிபி பிடித்திருக்கிறது என்று போஸ்ட்கிரெஸ்ஸின் அளவுச் செயற்கூறு சொன்னால், அது 1,024இன் அடுக்கில் சொன்னது. இரண்டையும் அப்படியே வகுத்தால் 90 சதவீதம். உண்மையில் அந்த 1,800 என்பது ஆயிரத்தின் அடுக்கில் சுமார் 1,933, அதாவது 96.6 சதவீதம். 95 சதவீதத்தில் எச்சரிக்கை வைத்தவர், அந்த எல்லை தாண்டிப்போனதே தெரியாமல் இருப்பார். வால் கோப்புகளும் (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவுகள்) அதே வட்டில் இருந்தால், இடம் தீரும் கணத்தில் போஸ்ட்கிரெஸ் பதற்ற நிலைக்குப் போய் நின்றுவிடும். இதைச் சில்லறை என்று எப்படிச் சொல்வது?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க கிபி, மெபி, கிபி என்று தொடங்கும் முன்னொட்டுகளைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் லினக்ஸின் மெம்இன்ஃபோ கோப்பு இன்றைக்கும் கேபி என்று எழுதிவிட்டு 1,024 பைட்டையே குறிக்கிறது. ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தின் அமைப்புக் கோப்பில் 1கே என்றால் 1,000 பைட், 1கேபி என்றால் 1,024 பைட். ஒரே ஓர் எழுத்து.

(மேலே ‘கிபி’ இரண்டு முறை வந்திருப்பது அச்சுப்பிழை அல்ல. கிலோவுக்கு இணையானதும் கிகாவுக்கு இணையானதும் தமிழில் எழுதும்போது ஒரே வடிவம் பெற்றுவிடுகின்றன. தமிழில் ஆவணம் எழுதுபவர்கள் அந்த இடத்தில் மட்டுமாவது பைட் எண்ணிக்கையை முழுதாக எழுதிவிடுவது நல்லது.)

பிப்ரவரி 12

ரெடிஸைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மெதுவான கட்டளைகளைப் பதிவுசெய்யும் வரம்பு மைக்ரோவினாடியில். இயல்பிருப்பு 10000, அதாவது 10 மில்லிவினாடி. தாமதக் கண்காணிப்பின் வரம்போ மில்லிவினாடியில். இரண்டும் ஒரே கோப்பில். 100 மில்லிவினாடி என்று எண்ணி முதல் அமைப்பில் 100 என்று எழுதிவிட்டால், பத்தாயிரத்தில் ஒரு வினாடி எடுக்கும் கட்டளைகளெல்லாம் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேடு இயல்பாக 128 வரிகளை மட்டுமே வைத்திருக்கும். தேடிக்கொண்டிருக்கும் உண்மையான மெதுவான கட்டளை, கூட்டத்தில் நெருக்கப்பட்டு நொடியில் வெளியே போய்விடும். பதிவேடு நிரம்பியிருப்பதைப் பார்த்துக் கண்காணிப்பு நன்றாக நடக்கிறது என்றுதான் தோன்றும்.

பிப்ரவரி 14

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா என்ற அளவீட்டுப் பகுதி எல்லா நேரத்தையும் பிக்கோவினாடியில் தருகிறது. ஒரு வினாடி என்பது ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு சுழியங்கள். ஒரே அலகு என்பதால் இதை நான் வரவேற்கிறேன். குழப்பம் அதை மனிதருக்கு ஏற்ப மாற்றும் இடத்தில்தான் வருகிறது. அந்த எண்களை எளிதாகப் படிக்க உதவும் சிஸ் ஸ்கீமாவின் வியூக்கள் அழகுபடுத்திய சரங்களைத் தருகின்றன. 188732396662000 என்ற எண்ணை அதன் நேரச் செயற்கூறு ‘3.15 எம்’ என்று ஆங்கில எழுத்தில் காட்டும். இங்கே எம் என்றால் நிமிடம். எம்எஸ் என்றால் மில்லிவினாடி. முதல் எழுத்தை மட்டும் பார்த்து அலகைத் தீர்மானிக்கும் நிரல், மூன்று நிமிட வினவலை மூன்று மில்லிவினாடி என்று பதிவுசெய்துவிடும். பிழை 60,000 மடங்கு. பிற்பாடு வந்த உள்ளமைந்த செயற்கூறு, நிமிடத்தை ‘மின்’ என்று மூன்று எழுத்தில் எழுதுகிறது. மாற்றியவர்களுக்கு என் நன்றி.

அழகுபடுத்திய சரத்தைக் கருவிக்கு ஊட்டவே கூடாது. அந்த வியூக்கள் ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்$ என்று தொடங்கும் இரட்டை ஒன்று இருக்கிறது. அது மூல எண்களைத் தரும். கருவிக்கு அதுதான் உணவு.

பிப்ரவரி 14, இரவு

பிக்கோவினாடியைப் பற்றி யோசித்தபோது மாறியின் கொள்ளளவு நினைவுக்கு வந்தது. 64 பிட் குறியற்ற முழுவெண்ணில் பிக்கோவினாடிகளை அடுக்கினால் 213 நாட்களுக்குச் சற்று மேல்தான் கொள்ளும். எல்லா இழைகளின் நேரத்தையும் ஒன்றாகக் கூட்டும்போது இது பெரிய அளவல்ல. 32 பிட்டில் மைக்ரோவினாடி என்றால் 71 நிமிடங்களும் சொச்சமும். பிப்ரவரி 4 அன்று கணக்கிட்ட 420 கோடி, அந்த எல்லையான 429 கோடிக்குச் சற்றுத்தான் கீழே இருக்கிறது என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். சரியான அலகுக்கு மாறும்போது பழைய சேமிப்பு நெடுவரிசை அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 17

கருவியை எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீளம் தெரிந்த காத்திருப்பு ஒன்றைச் செயற்கையாக உண்டாக்கி, கருவி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி_ஸ்லீப், மைஎஸ்கியூஎல்லில் ஸ்லீப், எஸ்கியூஎல் சர்வரில் வெயிட்ஃபார். 1 வினாடி, 10 வினாடி என்று வைக்காதீர்கள். 1000 என்ற எண் திரையில் வந்தால் அது எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. 37 வினாடி வையுங்கள். 37, 370, 3700 எதைக் கண்டாலும் அது உங்களுடையது என்று உடனே தெரிந்துவிடும்.

பிப்ரவரி 18

மேலே சொன்ன வழி போஸ்ட்கிரெஸ்ஸில் நன்றாக வேலை செய்கிறது; எஸ்கியூஎல் சர்வரில் ஒன்றுமே தெரியவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி; நான் முழுதாக யோசித்திருக்கவில்லை. வேண்டுமென்றே தூங்கும் காத்திருப்புகளைச் செயலற்ற காத்திருப்பு என்று கண்காணிப்புக் கருவிகள் வடிகட்டிவிடுகின்றன. ஆரக்கிளிலும் தூக்கத்தால் உண்டாகும் காத்திருப்பு செயலற்ற வகையில்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது.

பூட்டைப் பயன்படுத்துங்கள். சோதனை அட்டவணையில் ஒரு வரியை ஓர் அமர்வு திருத்திவிட்டுப் பரிவர்த்தனையை முடிக்காமல் வைத்திருக்கட்டும். இரண்டாவது அமர்வு அதே வரியைத் திருத்த முயன்று நிற்கட்டும். கடிகாரத்தைப் பார்த்து 37ஆவது வினாடியில் முதலாவதை முடியுங்கள். பூட்டுக்காகக் காத்திருந்த நேரத்தை எந்தக் கருவியும் வடிகட்டாது. அது உண்மையான வலி என்று எல்லாத் தரவுத்தளங்களுக்கும் தெரியும். காத்திருப்பு மொத்தத்திலும், வினவலின் கழிந்த நேரத்திலும் 37 ஏதாவது ஒரு வடிவில் வந்தாக வேண்டும்.

பிப்ரவரி 20

பதிப்பு மாறும்போதெல்லாம் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். வினவல்களின் நேரக் கணக்கை வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ்ஸின் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸில் ‘டோட்டல்_டைம்’ 9.1 வரை வினாடியில் இருந்தது, 9.2இல் அதே பெயரில் மில்லிவினாடிக்கு மாறியது. எந்த நிரலும் உடையவில்லை, எண்கள் மட்டும் ஆயிரம் மடங்காயின. 13ஆம் பதிப்பில் திட்டமிடும் நேரத்தைத் தனியாகப் பிரித்தபோது அந்தப் பெயரே ‘டோட்டல்_எக்ஸெக்_டைம்’ என்று ஆனது. பழைய நிரல்கள் பிழைச்செய்தியோடு நின்றன. அன்றைக்கு நான் சலித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், சத்தமாக உடைவதே பெரிய உபகாரம். கசாண்ட்ரா தரவுத்தளத்தின் 4.1 பதிப்பில் ‘எம்எஸ்ஸில்’ என்று முடியும் அமைப்புப் பெயர்களை மாற்றி, மதிப்போடேயே அலகையும் எழுதவைத்திருக்கிறார்கள். பிராமிதியஸ் என்ற கண்காணிப்பு அமைப்பின் உலகில் வினாடியும் பைட்டும்தான் அடிப்படை அலகு, அது அளவீட்டின் பெயரிலேயே ஒட்டியிருக்க வேண்டும் என்பது மரபு. எண்ணும் அலகும் பிரியாமல் பயணம் செய்ய வேண்டும் என்பதற்கு மேல் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 24

முதலில் கேட்டவரின் கருவியைத் தயாரித்தவர்கள் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தம் அனுப்பிவிட்டார்களாம். நிறுவுவதற்கு முன்பு ஒன்றைக் கவனியுங்கள். சேமித்துவைத்த பழைய வரலாறு முழுவதும் 0.7களால் ஆனது. திருத்தம் ஏறிய நிமிடத்திலிருந்து 7கள் வரத் தொடங்கும். கடந்த 30 நாட்களோடு ஒப்பிடும் எச்சரிக்கைகள் எல்லாம், வாசிப்பு நேரம் பத்து மடங்காகிவிட்டது என்று ஒரே நேரத்தில் கூவும். அந்த இரவு பணியில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய எண்களின்மீது பத்தால் பெருக்கி எழுத வேண்டாம். பாதியில் நின்றுவிட்டால் எது பெருக்கியது, எது பெருக்காதது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அலகைக் குறிக்கும் நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, பழையவற்றில் சென்டிவினாடி என்று எழுதி, படிக்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 26

அதிகாலை 2 மணிக்குத் திருத்தம் ஏற்றினார்களாம். 2.10க்கு நாற்பத்தொரு எச்சரிக்கைகள் வந்தனவாம். பணியில் இருந்தவருக்குச் சொல்லியிருந்ததால் யாரையும் எழுப்பவில்லை. கருவியும் சேமிப்பகக் குழுவின் வரைபடமும் இப்போது 7.1, 6.9 என்று அருகருகே போகின்றன. அந்த 0.2 வேறுபாடு நேர்கோடாக இல்லை, சுமையோடு ஏறி இறங்குகிறது என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். அது வழியில் ஆகும் நேரம். அதை அப்படியே விட்டுவிடலாம்.